மதினிக்கு வந்திருப்பது சோம்பலா, வியாதியா? நாள்பட்ட சோர்வு நோய் பற்றி

கேள்வி இதுதான். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். கேட்பவரின் மதினிக்கு 34 வயது, வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் கடுமையான காய்ச்சலில் படுத்தார். காய்ச்சல் விட்டது, அசதி விடவில்லை. ரத்தம், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல் என்றுதான் பதில். கோயில் கொடைக்கு ஒரு நாள் நின்று சமைத்தால் அடுத்த மூன்று நாள் பாயை விட்டு எழ முடிவதில்லை. மாமியார், அதாவது கேட்பவரின் அம்மா, "வேலைக்கு உடம்பு வணங்கல" என்கிறார். சொந்தக்காரர் ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா, எதனால் வருகிறது, நடந்தால் சரியாகுமா?

இருக்கிறது. எதனால் என்பதற்கு இன்றைக்குப் பாதி விடைதான் உண்டு. நடைப்பயிற்சியை மட்டும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் பொது மருத்துவம் பார்க்கிறவன். நேரில் பார்க்காமல் உங்கள் மதினிக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "ஒரு நாள் நின்றால் மூன்று நாள் படுக்கை." அசதி என்று வருகிறவர்கள் எங்கள் ஊரில் தினமும் இருக்கிறார்கள். 'சடவா இருக்கு டாக்டர்' என்று சொல்லாத ஆளே கிடையாது. ரத்தசோகைக்காரருக்கும் அசதி, சர்க்கரைக்காரருக்கும் அசதி, தூக்கம் கெட்டவருக்கும் அசதி. அவர்களுக்கெல்லாம் வேலை செய்தால் களைப்பு வரும், ஓய்வெடுத்தால் போகும். இந்த நோயில் கணக்கு வேறு. வேலை செய்கிற நேரத்தில் ஓரளவு சமாளித்துவிடுவார்கள். அடி விழுவது அப்புறம்தான். சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோ, அதற்கும் மறுநாளோ உடம்பு மொத்தமாகச் சரியும். காய்ச்சல் வரப்போகிற மாதிரி மேல்வலி, தொண்டை வலி, தலைக்குள் மந்தம், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை எல்லாம் சேர்ந்து வரும். அது நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். கந்துவட்டிக்கு வாங்கிச் செலவழித்த கதைதான். கொடை அன்றைக்குச் செலவழித்த தெம்புக்கு வட்டியும் முதலுமாக மூன்று நாள் கட்டுகிறார்.

உழைப்புக்குப் பின் வரும் இந்தச் சரிவுதான் நோயின் அடையாளம். உழைப்பு என்றால் உடல் உழைப்பு மட்டும் இல்லை. ஒரு சண்டை, பிள்ளையின் பரீட்சைக்காகக் கூடவே உட்கார்ந்து படித்தது, சாவு வீட்டுக்குப் போய் வந்தது, இவையும் அதே விலையைக் கேட்கும்.

2015-ல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் என்ற அமைப்பு, இருந்த ஆய்வுகளை எல்லாம் அலசி ஒரு வரையறை கொடுத்தது. முன்பு செய்துகொண்டிருந்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு ஆறு மாதத்துக்கு மேல் சோர்வு. அது பிறவியிலிருந்தே இருந்ததாகவோ, அளவுக்கு மீறிய உழைப்பால் வந்ததாகவோ இருக்கக்கூடாது, ஓய்வில் பெரிதாகக் குறையவும் கூடாது. அதோடு மேலே சொன்ன சரிவு. எவ்வளவு தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்லாத தூக்கம். இந்த மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். இவற்றோடு இரண்டில் ஒன்றாவது வேண்டும்: ஒன்று, யோசனையும் ஞாபகமும் தடுமாறுவது, மற்றொன்று, நிமிர்ந்து நின்றால் கிறக்கம், படபடப்பு வந்து படுத்தால் குறைவது. உங்கள் மதினியிடம் கேட்டுப் பாருங்கள். பீடியை எண்ணிக் கட்டும்போது கணக்கு விட்டுப்போகிறதா? ரேஷன் கடை வரிசையில் பத்து நிமிடம் நின்றால் கண் இருட்டுகிறதா? ஆமாம் என்று சொன்னால் என் சந்தேகம் கூடும்.

ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். இங்கிலாந்தின் 2021 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு ஆறு வாரத்திலேயே சந்தேகப்படலாம், மூன்று மாதத்தில் உறுதி செய்யலாம் என்கிறது. சந்தேகம் வந்த நாளிலிருந்தே ஓய்வை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிடலாம், அதற்குச் சீட்டு வேண்டியதில்லை.

ஆனால் முத்திரை குத்துமுன் வேறு எதுவும் இல்லை என்று பார்த்தாக வேண்டும். இந்தக் கட்டத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். ரத்தம் நார்மல் என்றால் எந்த ரத்தம் என்று கேட்பேன். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தார்களா, ஃபெரிட்டினும் பார்த்தார்களா? ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகி அசதி தரும். மாதவிடாய் அதிகம் போகிறவர்களுக்கு இது சாதாரணம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகைக்காரர்கள். பி12, கால்சியம், விட்டமின் டி, சிறுநீரகம், கல்லீரல், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., மூன்று மாதச் சராசரி சர்க்கரை, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., எச்.ஐ.வி., சிறுநீர், ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. இவ்வளவும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தேவைப்பட்டால் காலை நேரக் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவு. குறட்டை பலமாக இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பீடி சுற்றுகிறவர் என்பதால் இன்னொன்று. சுளகு நிறையத் தூளை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து உட்காருகிறவர்கள். புகையிலைத் தூசி நுரையீரலுக்குள் போகிறது, கழுத்தும் முதுகும் வலிக்கிறது, பசியும் மந்தமாகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை இறங்குவது, இதில் ஏதாவது இருந்தால் இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு முதலில் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். காசநோயைச் சோர்வு நோய் என்று நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. பீடித் தொழிலாளர் அட்டை இருந்தால் முக்கூடலிலேயே அவர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனை உண்டு. இல்லாவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி. தனியார் லேபில் 'முழு உடல் பரிசோதனை' என்று ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதே இல்லை.

மனச்சோர்வாக இருக்குமோ என்று சிலர் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. மனச்சோர்வில் பெரும்பாலும் எதிலும் நாட்டம் இருக்காது. இந்த நோயாளியிடம், 'நாளைக்கு உடம்பு சரியாகிவிட்டால் என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் பத்து வேலையை அடுக்குவார். மனச்சோர்வுக்கு நடைப்பயிற்சி நல்லது, இவருக்கு அதே நடை மறுநாளைப் படுக்கையாக்கும். ஆனால் இரண்டு வருடம் படுக்கையும் பேச்சுமாக வாழ்கிறவருக்கு மனமும் சேர்ந்து உடைவது நடக்கும், அதற்கும் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்கிற பேச்சு வந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது.

சரி, எதனால் வருகிறது? இங்கேதான் விஷயம் நிறைய இருக்கிறது.

பெரும்பாலானவர்களின் கதை ஒரு தொற்றில் தொடங்குகிறது. "நல்லாத்தான் இருந்தேன், அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்தான்" என்பார்கள். 1955-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு மர்ம நோய் பரவி, ஊழியர்களே இருநூறுக்கு மேல் விழுந்து, மருத்துவமனையையே சில மாதம் மூட வேண்டியிருந்தது. பலர் வருடக்கணக்கில் மீளவில்லை. இந்த நோயின் இன்னொரு பெயரான எம்.இ. (மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்) அதையொட்டித்தான் வந்தது. 1970-ல் இரண்டு மனநல மருத்துவர்கள், அந்த நோயாளிகளை நேரில் பார்க்காமல் பழைய குறிப்புகளை மட்டும் படித்துவிட்டு, இது கூட்டமாக வந்த ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்கள் அதிகம் என்பதையும் ஒரு சான்றாகக் காட்டினார்கள். உங்கள் அம்மாவின் "உடம்பு வணங்கல"வும் லண்டன் டாக்டர்கள் எழுதியதும் ஒன்றுதான், அவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள், அவ்வளவே. அந்தக் கட்டுரையின் நிழல் இந்த நோயின் மேல் பல பத்தாண்டுகள் கிடந்தது. க்ரானிக் ஃபட்டீக் சிண்ட்ரோம் என்ற பெயர் 1988-ல் அமெரிக்காவில் வைத்தது.

என்னைக் கேட்டால் இதில் மிக முக்கியமான ஆய்வு ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற நாட்டுப்புற ஊரில் நடந்தது, 2006-ல் வெளியானது. மூன்று வெவ்வேறு தொற்று வந்த 253 பேரைத் தொற்றின் தொடக்கக் கட்டத்திலிருந்தே பின்தொடர்ந்தார்கள். ஒன்று எப்ஸ்டீன் பார் வைரஸ், இன்னொன்று க்யூ காய்ச்சல் என்கிற பாக்டீரியா நோய், மூன்றாவது கொசுவால் பரவும் ராஸ் ரிவர் வைரஸ். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சுமார் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் இதே சோர்வு நிலையில் இருந்தார்கள். மூன்று கிருமியிலும் ஏறக்குறைய அதே கதை! யாருக்கு வரும் என்பதை அவர்களின் மனநிலையோ முந்தைய மனநோயோ காட்டவில்லை. ஆரம்பக் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான் காட்டியது. அதாவது எந்தக் கிருமி என்பதைவிட, அதற்கு உடம்பு எப்படி எதிர்வினை செய்து, பிறகு அந்த நிலையிலிருந்து திரும்பாமல் மாட்டிக்கொள்கிறது என்பதே கேள்வி.

நம் பக்கத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், ராஸ் ரிவர் வைரஸ் சிக்குன்குனியாவுக்குச் சொந்தக்காரன், இரண்டும் ஆல்ஃபா வைரஸ் இனம். 2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டையே முடக்கிப் போட்டது நமக்குத் தெரியும். 2012-ல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு வந்து மக்கள் பட்ட பாடும் தெரியும். கொரோனாவைச் சொல்லவே வேண்டாம். கொரோனாவுக்கு அப்புறம் மாதக்கணக்கில் தேறாதவர்களில் கணிசமானவர்கள் இந்த நோயின் வரையறைக்குள் அப்படியே வருகிறார்கள், உலகம் இதைத் திரும்பிப் பார்த்ததே அதனால்தான். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சிக்குன்குனியாவுக்குப் பின் மூட்டு வீங்கி வலிப்பது வேறு சங்கதி, அதற்குத் தனி மருந்து உண்டு. காலையில் மூட்டு பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் மடக்க முடியவில்லை என்றால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.

உடம்புக்குள் என்னதான் கெட்டுப்போகிறது? சில விஷயங்கள் ஓரளவு தெளிவு. தானியங்கி நரம்பு மண்டலம் தடுமாறுகிறது. நிற்கும்போது ரத்தம் காலில் தேங்காமல் மேலே அனுப்ப வேண்டிய வேலையை அது சரியாகச் செய்வதில்லை, அதனால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. தசைகளின் சக்தி உற்பத்தியிலும் கோளாறு. சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சை அளக்கும் பரிசோதனையை அடுத்தடுத்து இரண்டு நாள் செய்தால், ஆரோக்கியமானவர் இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதே அளவு செய்கிறார். இந்த நோயாளிகள் பலரால் இரண்டாம் நாள் முடிவதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்களிலும் மாற்றங்கள் தென்படுகின்றன. 2025 ஆகஸ்டில் பிரிட்டனில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவைப் பார்த்த ஆய்வின் முதற்கட்ட முடிவு வந்தது. எட்டு இடங்களில் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம். அவற்றில் சில எதிர்ப்பு சக்தியோடும் சில நரம்பு மண்டலத்தோடும் தொடர்புள்ள பகுதிகள். பரம்பரையாக வரும் என்று இதற்கு அர்த்தமில்லை, பிள்ளைக்கு வருமோ என்று கலங்க வேண்டாம். சிலருக்குச் சாய்வு கொஞ்சம் அதிகம், அதற்கு மேல் தொற்று வந்து தள்ளிவிடுகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு இது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது.

இந்தத் துறையில் அவசரப்பட்டுக் கொண்டாடி ஏமாந்த கதைகளும் உண்டு. 2009-ல் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ்தான் காரணம் என்று 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்க நோயாளிகள் நம்பிக்கையோடு எழுந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் அது ஆய்வகத்தில் கலந்த மாசு என்று தெரிந்து 2011-ல் கட்டுரையையே திரும்பப் பெற்றார்கள். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து நார்வேயில் முதலில் பலித்த மாதிரி தெரிந்தது. பெரிய அளவில் சோதித்து 2019-ல் முடிவு வந்தபோது மருந்தில்லாத போலித் திரவத்தைவிட அது மேல் இல்லை. யாராவது உங்களிடம் 'காரணம் கண்டுபிடித்தாயிற்று, இந்தப் பொடி மூன்று மாதம்' என்று வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அலோபதியிலும் சித்தாவிலும் எதிலும் இன்றைக்கு இதைக் குணமாக்கும் மருந்து என்று நிரூபணமானது கிடையாது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போய் முறையாகக் காட்டுவதை நான் தடுக்க மாட்டேன். பேதிக்குக் கொடுத்து உடம்பைச் சுத்தம் பண்ணுகிறேன் என்கிற ஆட்களிடம் போகாதீர்கள், இருக்கிற நீர்ச்சத்தும் போய்விடும். மந்திரித்துத் திருநீறு போடுவதில் கெடுதல் ஒன்றுமில்லை, அதற்காக மூன்று பஸ் மாறிப் போகச் சொல்வதுதான் கெடுதல். குற்றால சீசனும் அப்படித்தான். அருவியில் குளித்தால் அசதி போகும் என்று கூட்டிப்போய், வரிசையில் நிற்க வைத்து, திரும்பி வந்து ஒரு வாரம் படுத்தவரைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நடைப்பயிற்சி. உங்கள் சொந்தக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, டாக்டர்களே பல காலம் அதைத்தான் சொன்னார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிற உடற்பயிற்சி பலன் தருகிறது என்று 2011-ல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. பின்னால் அதன் தரவுகளை மற்றவர்கள் வாங்கி ஆராய்ந்தபோது, தேறியவர் என்பதற்கான அளவுகோலை நடுவில் தளர்த்தியிருந்தது தெரிந்தது. 2021-ல் இங்கிலாந்தின் வழிகாட்டுதல் அமைப்பு, தானே 2007-ல் பரிந்துரைத்த அந்தப் பயிற்சியை இனி கொடுக்கக்கூடாது என்று மாற்றி எழுதியது. நம் பக்கம் இந்தச் செய்தி இன்னும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை.

அதற்குப் பதில் செய்ய வேண்டியது, வரவுக்குள் செலவு செய்வது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: என்ன வேலை, எவ்வளவு நேரம், மறுநாளும் அதற்கு மறுநாளும் உடம்பு எப்படி. எங்கே எல்லை என்று அதிலேயே தெரிந்துவிடும். அந்த எல்லைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிற்க வேண்டும். களைத்த பிறகு ஓய்வு என்றால் தாமதம், களைக்குமுன் படுக்க வேண்டும். இதில் எல்லோரும் சறுக்குகிற இடம் உடம்பு நன்றாக இருக்கிற நாள். 'இன்னைக்குத்தான் தெம்பா இருக்கு' என்று துணி துவைத்து, வீடு மெழுகி, விட்டுப்போன பீடியையும் சுற்றி முடித்துவிடுவார்கள். அடுத்த சரிவு அங்கேதான் பிறக்கிறது. நல்ல நாளிலும் அளவோடு நிறுத்தச் சொல்லுங்கள், வீட்டில் யாராவது பக்கத்தில் இருந்து பிடித்து நிறுத்தவும் வேண்டும். பீடியை எடுத்துக்கொண்டால், முழுக்க விடச் சொன்னால் வருமானம் போகும், மனமும் விடும். ஆயிரம் சுற்றுகிறவர் முந்நூறு சுற்றட்டும், அதையும் மூன்று தடவையாக, நடுவில் கண்ணை மூடிப் படுத்து எழுந்து சுற்றட்டும். இலை வெட்டுவதை வேறு யாராவது செய்து கொடுக்கலாம். அடுப்படியில் ஒரு ஸ்டூல், குளிக்கும்போதும் ஒரு ஸ்டூல். வெந்நீர்க் குளியல் கிறக்கத்தைக் கூட்டும், வெதுவெதுப்பே போதும். சித்திரை வெயிலில் மதிய நேர வெளிவேலை வேண்டவே வேண்டாம்.

நின்றால் கிறக்கம் வருகிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பத்து நிமிடம் படுக்க வைத்து நாடித் துடிப்பை எண்ணுங்கள். பிறகு சுவரில் சாய்ந்து நிற்க வைத்து, பத்து நிமிடம் வரை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். துடிப்பு முப்பது அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நின்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு. பக்கத்தில் ஆள் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது, கண் இருட்டினால் உடனே படுக்க வைத்துவிடுங்கள். தண்ணீரும் உப்பும் கொஞ்சம் கூட்டினால் பலருக்குக் குறையும். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம். தூக்கம், வலி, குடல் உபாதை, இவற்றுக்கும் தனித்தனியாக மருந்து கொடுத்துக் கொஞ்சம் லேசாக்க முடியும். மருந்து இல்லாத நோய் என்றால் ஒன்றுமே செய்ய முடியாத நோய் என்று அர்த்தமில்லை.

தேறுவார்களா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். பெரியவர்களில் முழுக்கப் பழைய நிலைக்குத் திரும்புகிறவர்கள் குறைவு. ஓரளவு முன்னேறி, எல்லைக்குள் ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறவர்கள் அதைவிட அதிகம். பிள்ளைகளுக்கு வந்தால் தேறும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. மொத்த நோயாளிகளில் சுமார் நால்வரில் ஒருவர் வீட்டை விட்டு வெளியே வர முடியாத, சிலர் படுக்கையே கதியாகிற நிலைக்குப் போகிறார்கள். திரும்பத் திரும்ப எல்லையைத் தாண்டித் தள்ளுவது அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும் என்பதால்தான் நடையை நிறுத்தச் சொல்லி ஆரம்பித்தேன்.

அம்மாவிடம் பேசுவது உங்கள் பாடு. நோயின் பெயரைச் சொல்லி வாதாட வேண்டாம், பலிக்காது. இரண்டு வாரம் எழுதிய நோட்டை அவர் கையில் கொடுங்கள், அல்லது வாசித்துக் காட்டுங்கள். எந்த நாள் வேலை எந்த நாள் படுக்கையானது என்று மருமகளோடு ஒரே வீட்டில் இருக்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? அதே நோட்டையும் பழைய லேப் தாள்களையும் காய்ச்சல் வந்த மாதத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக "அசதியா இருக்கு" என்று சொல்ல வேண்டாம். "வேலை செய்த மறுநாள் விழுந்துவிடுகிறார், எழ மூன்று நாள் ஆகிறது" என்று சொல்லுங்கள். போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள், முந்தின நாள் வேலையும் வைக்காதீர்கள்.